ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம்

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் வெளிநாட்டுப் பயணம் போகிறேன். அந்த வெளிநாட்டின் பெயர் அம்பத்தூர். பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் இங்கேதான். ஆனால் பன்னிரண்டு வருடமாக மஸ்கட்டில் ஒரு ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருப்பவனுக்கு, அம்பத்தூரில் இறங்கியதும் சாலையைக் கடக்கவே பயமாக இருக்கிறது. "எங்க ஊர்ல இப்படி ஹார்ன் அடிக்க மாட்டாங்க" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் மனைவி ஜெபாவின் அண்ணன் டேனியல், "எந்த ஊரு மச்சான் ஒன்னோட ஊரு?" என்று கேட்டுச் சிரித்தார்.

இந்த முறை கம்பெனி கொடுத்த விடுப்பு பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளுக்குள் முடிக்க வேண்டிய வேலை எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மகள் ஹெப்சிபா என்னிடம் ஒட்ட வேண்டும்.

அவளுக்கு இப்போது எட்டு வயது. போன தடவை வந்தபோது ஆறு. அப்போது பத்து நாள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து வேடிக்கை பார்த்தாள். பதினோராம் நாள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நாலு நாள் கழித்து நான் விமானம் ஏறினேன். திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த விடுப்புக்கு அவளுக்குப் பத்து வயதாகிவிடும். பத்து வயதுக்குள் ஒட்டாத பிள்ளை அப்புறம் ஒட்டாது என்று மஸ்கட்டில் என் அறையில் தங்கியிருக்கும் அப்பாக்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லி நான் பார்த்ததில்லை.

முதல் வாரம் முழுக்க என்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் சபை ஆட்கள், ஜெபாவோடு வேலை செய்யும் பள்ளி ஆசிரியைகள், மாடி வீட்டு ஐ.டி. தம்பதி. வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்த கையோடு ஜெபா, "ஹெப்சி, அங்கிளுக்கு ஒரு பைபிள் வசனம் சொல்லிக் காட்டு" என்பாள். ஹெப்சி எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தப்பில்லாமல் சொல்வாள். விருந்தாளி கை தட்டுவார். சட்டைப் பையிலோ கைப்பையிலோ தேடி ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுப்பார். அவள் தேங்க்ஸ் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "போகலாமா?" என்று கேட்பாள். தலையசைத்ததும் ஓடிவிடுவாள். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. நான் சாம்பாரில் உப்பு கூட என்று சொன்னால் மறுநாள் சாம்பாரில் உப்பே இருக்காது. ஃபேனை வேகமாக வை என்றால் ஜெபா, ஹெப்சி, டேனியல் மச்சான் மூன்று பேரும் எழுந்திருப்பார்கள். விடுப்பில் வந்தவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, அது எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எழுதாத சட்டம். மஸ்கட்டில் எல்லோரும் எனக்கு மறுபேச்சு பேசுகிறவர்கள்தான், அதனால் இந்தச் சுகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எட்டாம் நாள் ஆகியும் ஹெப்சி மடியில் ஏறவில்லை. தினமும் காலையில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வி.பி.எஸ். போய்விடுவாள். கோடை விடுமுறையில் சபைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லிக் கொடுக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி அது. நானும் அதில் வளர்ந்தவன்தான். மத்தியானம் வந்து, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னமோ பாடுவாள். நான் கதவைத் திறந்தால் நிறுத்திவிடுவாள். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குத்தான் பிக்னிக் யோசனை வந்தது. மஸ்கட்டில் குடும்பத்தோடு இருப்பவர்கள் வாரக் கடைசியில் கடற்கரைக்குப் பாய், அடுப்பு, குளிர்பெட்டியோடு போவார்கள். அப்பாக்கள் கறி வாட்டுவார்கள், பிள்ளைகள் அவர்கள் முதுகில் ஏறிக் குதிக்கும். தனி ஆட்களான நாங்கள் தூரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு பிக்னிக் போதும், என் முதுகிலும் ஏறிவிடுவாள் என்று எனக்கு ஏனோ உறுதியாகத் தோன்றியது.

நெமிலிச்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. கல்லூரிக் காலத்தில் போயிருக்கிறேன். கரை நிறைய மரம், கால் நனைக்கத் தண்ணீர், காற்று. வெள்ளிக்கிழமை ஹெப்சி வி.பி.எஸ்.ஸிலிருந்து பையும் சான்றிதழுமாக வந்து, "இன்னையோட கிளாஸ் முடிஞ்சிருச்சு" என்றாள். நான் உடனே ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் என்று அறிவித்தேன்.

ஹெப்சி அம்மாவைப் பார்த்தாள். ஜெபா, "அப்பா ஆசையா கேக்குறாருல்ல, சரின்னு சொல்லு" என்றாள். "சரிப்பா" என்றாள் ஹெப்சி. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். டேனியல் மச்சானிடம் ஏரியைப் பற்றிச் சொன்னபோது தாடையைச் சொறிந்துகொண்டு, "போலாம் மச்சான், ஒனக்கு எங்க பிரியமோ அங்க போலாம்" என்றார். அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், தெரிந்தவர் காரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எலெக்ட்ரிக் ட்ரெயினில் போனால்தான் பிக்னிக் என்றேன். அதற்கும் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

சனிக்கிழமை முகப்பேரில் கடை கடையாக ஏறினேன். பாய், குளிர்பெட்டி, இறகுப்பந்து மட்டை இரண்டு, ஒரு தர்பூசணி. வெயில் மண்டையைப் பிளந்தது. மஸ்கட் வெயில் இதைவிட மோசம்தான், ஆனால் அங்கே கதவைத் திறந்து உள்ளே போனால் குளிர்காலம். இங்கே கதவைத் திறந்து உள்ளே போனால் உள்ளேயும் வெயில்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபா நாலு மணிக்கு எழுந்து சிக்கன் பிரியாணி செய்தாள். எலுமிச்சை சாதம், முட்டை, ஒரு கேனில் மோர். காலை ஆராதனைக்குப் போகாமல் இருப்பவள் இல்லை, ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டைப் பூட்டும்போது, "நாலு மணிக்குள்ள திரும்பிடலாமா?" என்று மட்டும் கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

டேனியல் மச்சானையும் சேர்த்து நாலு பேர், ஏழு பை. அம்பத்தூர் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணை என்பதால் அரை மணி நேரம் வண்டியே இல்லை. வந்த முதல் வண்டியில், நான் ஏறு ஏறு என்று கத்தியதில், எல்லோரும் ஏறிவிட்டோம். அது விரைவு வண்டி, ஆவடியை விட்டால் திருவள்ளூரில்தான் நிற்கும் என்பது ஆவடி தாண்டிய பிறகு தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அப்போது தெரிந்தது என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

எதிரே இரண்டு வடநாட்டுத் தொழிலாளிகள் எங்கள் பைகளைப் பார்த்து இந்தியில் பேசிக்கொண்டார்கள். வளைகுடா புண்ணியத்தில் எனக்கு இந்தி புரியும். "ஏதோ கல்யாண வீட்டுக்குப் போறாங்க போல" என்றான் ஒருவன். மற்றவன் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுக்குப் போறவங்க முகம் இப்படியா இருக்கும்?" என்றான். நெமிலிச்சேரி ஸ்டேஷன் ஜன்னலில் வந்து, நிற்காமல் பின்னால் போயிற்று. ஹெப்சி அதன் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

திருவள்ளூரில் இறங்கி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பி, ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து ஏரிக்கரையில் இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால்.

ஏரியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்குப் பக்கத்தில் இல்லை, ஏரிக்குள்ளேயே. நடுவில் பிட்ச் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டம்ப் நட்டு, எல்லைக்கோட்டுக்குச் சுண்ணாம்பும் போட்டிருந்தார்கள். தண்ணீர் இருந்த இடம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் நிழலுக்கு ஒரே ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஏற்கெனவே ஆடுகள். நான் கல்லூரியிலிருந்து வந்தது மழைக்காலத்தில். மே மாதத்தில் ஏரி எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வருடத்தில் மறந்தே போயிருந்தேன்.

"தண்ணியே இல்லையே மச்சான்" என்றேன்.

"மே மாசத்துல ஏரில இன்னா இருக்கும்?" என்றார் டேனியல் மச்சான், பாயை உதறிக்கொண்டே.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீ ஆசை ஆசையா சொல்லிக்கினு கீற. லீவுல வந்தவன்கிட்ட இல்லேன்னு எப்டி சொல்றது?"

ஆடுகளோடு சமாதானம் பேசிப் பாயை விரித்தோம். இறகுப்பந்து ஆட ஹெப்சியைக் கூப்பிட்டேன். வந்தாள். அனல் காற்று பந்தை அவள் பக்கமே போகவிடவில்லை. அடித்த பந்தையெல்லாம் நானே ஓடி ஓடிப் பொறுக்கினேன். "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டேன். "நல்லா இருக்குப்பா" என்றாள். முகம் தக்காளி நிறத்தில் இருந்தது. மஸ்கட்டில் கோடை வந்தால் மத்தியான வெயிலில் வெளியே வேலை செய்யக் கூடாது என்று சட்டம் உண்டு. நான் என் பிள்ளையை அந்த வெயிலில் நிறுத்திச் சந்தோஷப்படச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரியாணி நன்றாக இருந்தது. அதை மட்டும் சொல்லியாக வேண்டும். பாதி சாப்பிடும்போது ரப்பர் பந்து ஒன்று தயிர்ப் பச்சடியில் வந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தோம். மோர் புளித்திருந்தது. ஒரு நுங்கு வண்டிக்காரர் மட்டும் கடவுள் மாதிரி வந்து நின்றார். ஆளுக்கு நாலு சாப்பிட்டோம். ஹெப்சி நுங்குத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு மணிக்கெல்லாம் ஜெபா பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். "இப்ப என்ன அவசரம், வெயில் தாழட்டும்" என்றேன். அவிழ்த்து வைத்தாள். டேனியல் மச்சான் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிவிட்டார். ஹெப்சி மரத்துக்கு அந்தப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, ஆடுகளுக்கு முன்னால் கையை விரிப்பதும் தலைக்கு மேல் தூக்குவதும் ஒரு சுற்றுச் சுற்றுவதுமாக இருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தனியாக விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்குத் தர்பூசணி வெட்டலாம் என்று கத்தியைத் தேடினேன். தட்டுகள் இருந்த பையின் அடியில் செய்தித்தாளில் பொதிந்த ஒன்று கைக்குப் பட்டது. பிரித்தேன். மஞ்சள் ஃபிராக். புதுசு. இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது, இடுப்பில் காகிதப் பூக்கள் தைத்திருந்தன. மேலே ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸ்.

"இது என்ன?"

ஜெபா ஃபிராக்கை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தாள். அப்புறம், "இன்னைக்கு சாயங்காலம் வி.பி.எஸ். நிறைவு விழா" என்றாள். "அஞ்சு மணிக்கு. ஆக்‌ஷன் சாங்ல முன்வரிசை, நடுவுல இவதான் நிக்கணும். இவளப் பாத்துத்தான் மத்த பிள்ளைங்க செய்யும்."

"வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சுன்னு சொன்னாளே."

"கிளாஸ் முடிஞ்சுது. விழா ஞாயித்துக்கிழமைதானே, என்னைக்கும் அப்படித்தானே."

என்றைக்கும் அப்படித்தான். நானே எட்டு வயதில் அதே மேடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடியிருக்கிறேன். ஆனால் மஸ்கட்டில் எங்களுக்கு ஆராதனை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். பன்னிரண்டு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எனக்குள் இல்லாமலே போய்விட்டது. சபைக் காரியம் என்றால் வெள்ளியோடு முடிந்தது என்று மனது தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. எங்கள் சபையில் ஒரு மூன்று வயதுப் பிள்ளைகூட இந்தத் தப்பைச் செய்யாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சொல்லியிருந்தா பிக்னிக்க விட்டிருப்பீங்க. அப்புறம் ஊருக்குப் போற வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. இருக்குறதே கொஞ்ச நாளு. நாலு மணிக்குள்ள வந்துடலாம்னுதான் காலையில கேட்டேன்."

தர்பூசணியை ஆடுகளிடம் விட்டுவிட்டு ஓடினோம். கரையில் ஷேர் ஆட்டோ எதுவும் இல்லை. டேனியல் மச்சான் சாலைவரை ஓடிப்போய் ஒரு சரக்கு ஆட்டோவை மறித்து, "அண்ணாத்தே, கொழந்தைக்கு ப்ரோக்ராம் கீது, கொஞ்சம் உட்டுட்டு வா அண்ணாத்தே" என்று கெஞ்சினார். பின்னால் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். ஸ்டேஷன் வாசலில் நாங்கள் இறங்கும்போது ஒரு வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நான் பிளாட்பாரத்தின் முனைக்கும் பெஞ்சுக்கும் நடந்தேன். ஜெபா சேலை முந்தானையை மறைப்பாகப் பிடித்து ஹெப்சிக்கு ஃபிராக்கை மாட்டிவிட்டாள், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்து, தலை சீவி, சாக்ஸ் போட்டாள். மஞ்சள் ஃபிராக்கில் அந்த பெஞ்சில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், இடுப்புப் பூ கசங்கிவிடும் என்று பின்னால் சாயவேயில்லை. வண்டியில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அம்பத்தூரில் இறங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதினெட்டு நாளில் நான் அவளைத் தூக்கியது அந்த ஒரு தடவைதான். சபைத் தெரு முனையிலேயே ஸ்பீக்கரில் பாட்டு கேட்டது. அவள் என் தோளில் இருந்தபடியே, "இது எங்க பாட்டு" என்றாள்.

வாசலில் நின்றோம். மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் இருபது மஞ்சள் பிள்ளைகள். முன்வரிசையில் நடுவில் வேறொரு பெண் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கினாள், மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்துத் தூக்கினார்கள். கடைசிச் சரணம். ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து வணங்கினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஹெப்சியின் கையைப் பார்த்தேன். அது அசையவில்லை. பக்கவாட்டில் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் குனிந்து, "அப்பாவை மன்னிச்சிரு" என்றேன்.

"பரவால்லப்பா" என்றாள். "நீங்க லீவுல வந்திருக்கீங்கல்ல."

அழுதிருந்தால், கோபத்தில் என்னை அடித்திருந்தால், நான் பிழைத்திருப்பேன். அம்மாவிடம் அழுததாக ஜெபா மறுநாள் சொன்னாள். என்னிடம் அழவில்லை. வந்தவர் மனது கோணக் கூடாது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் சொல்லித் தந்துவிட்டார்கள். சொல்லித் தந்தது ஜெபா இல்லை, டேனியல் மச்சானும் இல்லை. ஒவ்வொரு தடவையும் பெட்டியோடு வந்து, பெட்டியோடு போய், நானேதான் சொல்லித் தந்திருக்கிறேன்.

மிச்சமிருந்த நாட்களில் நான் எந்தத் திட்டமும் போடவில்லை. சாம்பாரைப் பற்றியும் ஃபேனைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஜெபாவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஹெப்சியைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு அந்தப் பாட்ட செஞ்சு காட்டு" என்றாள்.

அவள் மஞ்சள் ஃபிராக் போட்டுக்கொண்டு வந்தாள். ஹாலின் நடுவில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசிச் சுற்றுவரை, ஒன்றையும் விடாமல் பாடி ஆடினாள். அவ்வளவு அழகாகச் செய்தாள். முடித்ததும் குனிந்து வணங்கினாள். நான் கை தட்டினேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல், பெட்டியில் தேடி, மிச்சமிருந்த ஒரு சாக்லேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள். அம்மா பக்கம் திரும்பி, "போகலாமா?" என்று கேட்டாள்.